எனக்கு முன்பே கப்பலேறிய புரோட்டா

சிங்கப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தையின் முட்டிவலி எப்படி இருக்கிறது? கோடாலித் தைலம் இரண்டு டஜன் வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு டஜன் அத்தைக்கு. இன்னொரு டஜன், நான் சிங்கப்பூரில் இருப்பது தெரிந்துபோன தெருக்காரர்களுக்கு.

போன வாரம் போனில் நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான். "ஊர்ச் சாப்பாடு கிடைக்குதாடா?" நானும் "கிடைக்குது மாமா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். முப்பது வருஷமாக நாகப்பட்டினத்தில் மெஸ் நடத்துகிறவரிடம் ஒரு வார்த்தையில் தப்பித்துவிடக்கூடிய கேள்வியா அது? அடுத்த மாதம் நீங்களே வந்து இறங்கப்போகிறீர்கள். வந்த பிறகு "ஏண்டா முன்னாடியே சொல்லலை" என்று என்னைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. அதனால் விவரமாக எழுதுகிறேன். புரோட்டா வருகிற இடத்தில் மட்டும் எதையாவது பிடித்துக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள்.

என் ஆபீஸ் இருப்பது ஷென்டன் வே என்கிற சாலையில். சுற்றிலும் வங்கிக்காரர்களின் கண்ணாடிக் கட்டடங்கள். அண்ணாந்து பார்த்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். அவற்றின் காலடியில், பேரன்களுக்கு நடுவே வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருக்கும் கிழவி மாதிரி, ஓடு போட்ட எண்கோண மண்டபம் ஒன்று இருக்கிறது. பெயர் லாவ் பா சாட். ஹொக்கியன் சீனத்தில் 'லாவ்' என்றால் பழைய. 'பா சாட்' என்பது மலாய்க்காரர்களின் 'பாசார்'. அந்தப் பாசாரோ பாரசீகத்து பஜார். மூன்று தேசம் சேர்ந்து வைத்த பெயருக்கு நம் பாஷையில் அர்த்தம், பழைய சந்தை.

இப்போதைய மண்டபம் 1894-இல் எழுந்தது. மெக்ரிட்சி என்ற நகராட்சிப் பொறியாளர் வரைந்து கொடுக்க, இரும்புத் தூண்களையும் வளைவுகளையும் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவில் வார்த்துக் கப்பலில் அனுப்பினார்கள். மீனும் காய்கறியும் விற்ற சந்தை அது. எழுபதுகளில் சாப்பாட்டுக் கடைகளுக்கு மாறியது. 1986-இல் பூமிக்கடியில் ரயில் பாதை தோண்ட வேண்டியிருந்ததால் மண்டபம் முழுவதையும் அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி எடுத்து வைத்துவிட்டு, 1989-இல் அதே இடத்தில் திரும்ப மாட்டினார்கள். நம் வீட்டு ஊஞ்சலைக் கழற்றி மாட்டியபோது மூன்று திருகாணி மிஞ்சிப்போய் ஒரு வாரம் யாரும் அதில் ஏறவில்லையே, ஞாபகம் இருக்கிறதா? இங்கே மிஞ்சியதாகத் தகவல் இல்லை. நான் தினமும் அந்தக் கூரைக்கடியில்தான் சாப்பிடுகிறேன்.

எண்கோணத்தில் ஒரு சங்கடம் உண்டு. எட்டுப் பக்கமும் ஒரே மாதிரி. முதல் நாள் கொரியாக்காரர் கடைப் பக்கமாக உள்ளே போனவன், வெளியே வருவதற்குள் ஜப்பான், தாய்லாந்து, வியட்நாம், பிலிப்பைன்ஸ் எல்லாவற்றையும் இரண்டு முறை சுற்றிவிட்டேன். பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை இல்லாமல் இத்தனை நாடு பார்த்தவன் நம் குடும்பத்தில் நான்தான். ஒவ்வொரு கடையும் கையகல இடம். அதற்குள் அடுப்பு, சட்டி, ஆள் இரண்டு பேர், பெயர்ப் பலகை, கல்லா எல்லாம். பலகாரத்தின் படத்தைப் பெரிதாகப் போட்டு அதற்கு ஒரு எண்ணும் போட்டிருப்பார்கள். பாஷை தெரியாதவன் எண்ணைச் சொன்னால் போதும். நானும் முதல் மூன்று மாதமும் எண்களைத்தான் சாப்பிட்டேன்.

இடம் பிடிக்கிற கதைக்கு வருகிறேன். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அத்தனை கண்ணாடிக் கட்டடமும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்து ஆட்களைக் கொட்டும். முதல் நாள் நான் தட்டும் கையுமாகச் சுற்றியபோது, ஒரு மேஜை காலியாக இருந்தது. மேலே காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் ஒன்று மட்டும் கிடந்தது. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள், பாவம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வியர்வையோ ஊற்றுகிறது. அதிலிருந்து இரண்டு தாளை உருவி முகத்தையும் துடைத்துக்கொண்டேன். அரை நிமிடத்தில் ஒரு சீனத்துப் பெண்மணி கையில் கொதிக்கிற நூடுல்ஸ் கிண்ணத்தோடு வந்து நின்றார். பேசவில்லை. பொட்டலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த கசங்கிய தாளைப் பார்த்தார்.

பிறகுதான் ஆபீஸில் விளக்கினார்கள். இதற்கு 'சோப்' போடுவது என்று பெயர். மேஜையில் ஒரு டிஷ்யூ பொட்டலமோ குடையோ ஆபீஸ் அடையாள அட்டையோ வைத்துவிட்டால் அது உங்கள் மேஜை. நீங்கள் அத்தனை நாட்டையும் சுற்றி வரும் வரை யாரும் தொட மாட்டார்கள். சட்டத்தில் எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் மீறுகிற ஆள் இல்லை. யோசித்துப் பாருங்கள் மாமா, நாம் திருவாரூர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறோமே, அதே சாஸ்திரம். நான் செய்தது என்னவென்றால், அடுத்தவர் போட்ட துண்டை எடுத்து முகம் துடைத்துக்கொண்டு அவர் சீட்டிலேயே உட்கார்ந்தது. நம் ஊராயிருந்தால் திருவாரூர் போய்ச் சேரும் வரை திட்டு நின்றிருக்காது.

காபி வாங்குவது தனிப் படிப்பு. வெறுமனே 'கோப்பி' என்றால் டப்பாப் பாலை ஊற்றி, கரண்டி நிமிர்ந்து நிற்கிற இனிப்பில் வரும். 'கோப்பி ஓ' என்றால் பால் கிடையாது, சர்க்கரை உண்டு. 'கோப்பி சி' என்றால் இனிப்பில்லாத கெட்டிப் பாலும் சர்க்கரையும். சர்க்கரையே கூடாதென்றால் கூடவே 'கோசோங்' என்று சேர்க்க வேண்டும். மலாயில் அதற்குக் காலி என்று பொருள். சர்க்கரை குறைவாக வேண்டுமானால் 'சியூ தாய்', ஐஸ் வேண்டுமானால் 'பெங்'. ஒரு டம்ளர் காபிக்குள் ஹொக்கியன், கான்டோனீஸ், மலாய் மூன்றும் கரைந்துவிடுகின்றன. என் கூட வேலை பார்க்கும் கும்பகோணத்து நண்பர் முதல் நாள் கவுண்டரில் நின்று டிகாக்ஷன் தனியாக, பால் தனியாக, நுரை பொங்க என்று ஆங்கிலத்தில் ஒரு பிரசங்கம் செய்தார். கேட்டுக்கொண்டிருந்த பாட்டி கடைசியில் "கோப்பி?" என்றார். நண்பர் தலையாட்டினார். டப்பாப் பால்தான் வந்தது. இப்போது அவரும் "கோப்பி சி சியூ தாய்" என்று ஒரே மூச்சில் சொல்கிறார். கும்பகோணத்தில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

அவர் சைவம். அவரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பிட வைப்பது என் தலையில் விழுந்தது. ஒரு சீன சைவக் கடையைக் கண்டுபிடித்துப் பெருமையோடு நிறுத்தினேன். கண்ணாடிப் பெட்டிக்குள் வாத்து, மீன், சிவப்பாக வறுத்த பன்றி இறைச்சி. எல்லாமே சோயாவிலும் கோதுமைப் பசையிலும் செய்தது. புத்த மதத்துச் சைவர்களுக்காக உருவான சமையலாம். வாத்துக்குத் தோலின் சுருக்கம் வரை செய்து வைத்திருக்கிறார்கள். நண்பர் மீனைப் பார்த்தார், மீனும் அவரைப் பார்த்தது போலத்தான் இருந்தது. "இது சைவம்தான், சத்தியமா சைவம்தான்" என்றேன். "சைவமா இருக்கலாம், ஆனா அதுக்கே அது தெரியலையே" என்று சொல்லிவிட்டு வெள்ளைச் சோறும் கீரையும் சாப்பிட்டார். அந்த வாத்தை நான் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது.

இன்னொரு கூத்து. போன மாதம் அவர் பிறந்தநாள். பலகை ஒன்றில் 'கேரட் கேக்' என்று எழுதியிருந்தது. சைவம், இனிப்பு, பிறந்தநாள் எல்லாம் பொருந்தி வருகிறதே என்று மெழுகுவர்த்தியைப் பையில் போட்டுக்கொண்டு போய் ஒன்று கொடுங்கள் என்றேன். "கருப்பா, வெள்ளையா?" என்று கேட்டார் கடைக்காரர். பிறந்தநாளுக்கு யார் கருப்புக் கேக் வாங்குவார்கள்? வெள்ளை என்றேன். அவர் தோசைக்கல்லில் எண்ணெய் ஊற்றி, எதையோ கொத்திப் போட்டு, இரண்டு முட்டையை உடைத்து ஊற்றினார். அரிசிமாவையும் முள்ளங்கித் துருவலையும் வேகவைத்து, வெட்டி, முட்டை போட்டுப் பொரிப்பதுதான் இந்த ஊர் கேரட் கேக். கேரட்டும் இல்லை, கேக்கும் இல்லை. முள்ளங்கிக்கும் கேரட்டுக்கும் அவர்கள் பாஷையில் பெயர் கிட்டத்தட்ட ஒன்று. யாரோ ஆங்கிலத்தில் பலகை எழுதியபோது மாறிப்போய், அப்படியே நிலைத்துவிட்டது. நம் மெஸ்ஸின் கொத்துப் புரோட்டாவுக்கு அது தூரத்துச் சொந்தம் என்று எனக்குத் தோன்றியது. மெழுகுவர்த்தியை வெளியே எடுக்கவில்லை.

சரி மாமா, உட்கார்ந்துகொள்ளுங்கள். புரோட்டா.

மூன்று மாதம் எண்களைச் சாப்பிட்டுச் சலித்த பிறகு, ஒரு நாள் அந்த மண்டபத்தில் 'பிராட்டா' என்ற பலகை கண்ணில் பட்டது. மாவை வீசுகிறார்கள், மடிக்கிறார்கள், கல்லில் போடுகிறார்கள். என் கண்ணில் தண்ணீர் வராத குறை. ஓடிப்போய் இரண்டு என்றேன். கூடவே ஒரு கிண்ணத்தில் கறிக் குழம்பு. அதுவரை சரி. பக்கத்து மேஜையில் ஒரு மலாய்க் குடும்பம். அந்த வீட்டுப் பையன் ஒரு தட்டில் வெள்ளைச் சர்க்கரையைக் குவித்து, அதில் புரோட்டாவைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அப்பனும் ஆத்தாளும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். சால்னா ஒரு கரண்டி குறைந்ததற்காக உங்கள் மெஸ்ஸில் பஞ்சாயத்து நடந்ததை நினைத்துக்கொண்டேன்.

இது முடியவில்லை. சீஸ் புரோட்டா, வாழைப்பழப் புரோட்டா, சாக்லேட் புரோட்டா எல்லாம் பலகையில் இருக்கின்றன. காகிதம் போல மெல்லிசாகச் சுட்டு, கூம்பாக நிறுத்தி, மேலே இனிப்புப் பாலைச் சொட்டவிட்ட ஒன்றுக்கு டிஷ்யூ புரோட்டா என்று பெயர். அதை மேஜையில் வைத்தும் இடம் பிடிப்பார்களோ என்று பயந்தேன்.

மாவு வீசுகிற பையன் என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "அண்ணனுக்கு எந்த ஊரு?" என்றான். அவன் திருத்துறைப்பூண்டி. நான் அதுவரை அவனிடம் இலக்கணத்தோடு ஆங்கிலம் பேசிக்கொண்டிருந்தேன். "இங்க நம்ம ஊரு மாதிரி கேட்டா யாரு வாங்குவா? மீ கோரிங்தாண்ணே ஓடும்" என்று ஒரு தட்டைக் காட்டினான். அதுதான் மாமா விசேஷம். சீனர்களின் மஞ்சள் நூடுல்ஸை எடுத்து, நம் ராவுத்தர், மரைக்காயர் வகைக் கடைக்காரர்கள் தக்காளிச் சாறும் மிளகாயும் கறியும் போட்டு இரும்புச் சட்டியில் புரட்டியது. பெயர் மலாய், நூல் சீனம், கை தமிழ். பலகையில் 'இந்திய உணவு' என்று போட்டு விற்கிறார்கள். இந்தியாவிலிருந்து வந்தவன் நான் ஒருவன்தான் அதைப் பார்த்து முழிக்கிறேன். அந்தப் பையன் போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அம்மாவுக்குச் செய்து காட்டினானாம். "என்னடா மண்புழு" என்று அந்தம்மா கேட்டதாகச் சொன்னான்.

'இந்தியன் ரோஜாக்' என்று ஒன்று. ரோஜாப்பூ இல்லை, மலாயில் ரோஜாக் என்றால் கலவை. பஜ்ஜி, வடை, அவித்த உருளைக்கிழங்கு, முட்டை, சோயாக் கட்டி எல்லாவற்றையும் நாமே பொறுக்கிக் கொடுத்தால், நறுக்கி, சிவப்பாக இனிக்கிற ஒரு குழம்பைத் தொட்டுக்கொள்ளத் தருவார்கள். இடியாப்பத்துக்கு மலாய்க்காரர் வைத்த பெயர் 'புட்டு மாயம்'. அதையும் வெல்லச் சர்க்கரையோடுதான் கொடுக்கிறார்கள். கறி அவர்களுக்கும் 'காரி'தான், கடை 'கெடை', கப்பல் 'காப்பால்'. நம் டீக்கடை மாஸ்டர் கையை ஓங்கி ஆற்றுவதற்கு 'தே தாரிக்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், இழுத்த தேநீர் என்று அர்த்தம். வெள்ளைக்காரர்கள் நின்று படம் பிடிக்கிறார்கள். நம் பஸ் ஸ்டாண்டு மாஸ்டரை இங்கே கூட்டி வந்தால் அவர் டீக்குக் காசு வாங்க மாட்டார், படத்துக்குத்தான் வாங்குவார்.

ஆக, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். ஊர்ச் சாப்பாடு இங்கே கிடைக்கிறது. ஆனால் அது எனக்கு நூறு வருஷம் முன்பே கப்பலேறி வந்து, நாலு ஜாதி ஜனத்தோடு பழகி, பெயரை மாற்றிக்கொண்டு குடியுரிமையும் வாங்கிவிட்டது. வேலை அனுமதிச் சீட்டோடு நிற்கிற என்னை அதற்கு அடையாளம் தெரியவில்லை. முதலில் எனக்குக் கோபமாகத்தான் இருந்தது. இப்போது வாரம் இரண்டு மீ கோரிங் போகிறது. சர்க்கரை தொட்டு மட்டும் நான் இன்னும் சாப்பிடவில்லை, அது அத்தைமேல் சத்தியம்.

(லிட்டில் இந்தியாவுக்குப் போனால் வாழை இலை போட்டு, சாம்பார் ஊற்றி, நம் ஊர் மாதிரியே போடுகிறார்கள். ஆனால் மத்தியானம் ஒரு மணி நேர இடைவேளையில் போய்த் திரும்ப முடியாது.)

அந்தக் காலத்துக் கடைக்காரர்கள் தெருவில் கூடையும் தள்ளுவண்டியுமாக அலைந்தவர்கள். எழுபதுகளில் தொடங்கி அரசாங்கம் அவர்களைக் குழாய்த் தண்ணீரும் கூரையும் உள்ள அங்காடி நிலையங்களுக்குள் கொண்டுவந்தது. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ சிங்கப்பூரின் இந்த அங்காடிப் பண்பாட்டை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. மெஸ்ஸின் பெயர்ப் பலகைக்குப் பெயிண்ட் அடிக்கவே அத்தையிடம் அனுமதி கேட்கிற நீங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சாயங்காலம் நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. ஏழு மணிக்கு மண்டபத்தை ஒட்டிய பூன் டாட் தெருவில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, நடுத்தெருவில் மேஜை போடுவார்கள். சாத்தே சுடுகிறவர்கள் கரி அடுப்பை மூட்டி விசிறியால் வீசத் தொடங்குவார்கள். மஞ்சளும் எலுமிச்சைப் புல்லும் ஊறிய இறைச்சியைக் குச்சியில் கோத்துச் சுட்டு, வேர்க்கடலைக் குழம்பு, வெள்ளரிக்காய், பச்சை வெங்காயத்தோடு தருவார்கள். ஒன்றிரண்டு குச்சி கேட்டால் சிரிப்பார்கள், பத்துப் பத்தாகத்தான் கணக்கு. புகை கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே ஏறும். சட்டையில் ஒட்டிய வாசனை மூன்று சலவைக்குப் போகாது.

அந்தத் தெருவிலேயே மேற்கே இரண்டு சாலை தாண்டி நேராக நடந்தால், தெலுக் ஆயர் தெரு முனையில் என்ன இருக்கிறது தெரியுமா? நாகூர் தர்கா. நம் நாகூர் ஆண்டவர் பெயரில், 1828-க்கும் 1830-க்கும் நடுவில், நம் கரையிலிருந்து போன சூலியா வியாபாரிகள் கட்டியது. மனோராக் கோபுரங்கள் குட்டி குட்டியாக நிற்கின்றன. நம் வீட்டு மாடியிலிருந்து பார்த்த மனோராவைக் கைக்கடக்கமாகச் செய்து வைத்தது போல. அப்போது கடல் அந்தத் தெருவரை இருந்தது. கப்பலிலிருந்து இறங்கியவன் முதலில் நடந்தது அந்த வழியாகத்தான். லாவ் பா சாட் நிற்கிற இடமே பிறகு கடலைத் தூர்த்து எடுத்த மண். இப்போது தர்கா இந்திய முஸ்லிம் மரபு நிலையமாக இருக்கிறது. முதல் தடவை பார்த்தபோது சாத்தே வாசனையோடு வெளியே கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன். தாத்தா ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறி இங்கே வந்து இறங்கினவர்தானே? இங்கே எங்கே சாப்பிட்டார், என்ன சாப்பிட்டார் என்று நாம் யாரும் அவரைக் கேட்டதே இல்லை. நீங்களாவது கேட்டிருக்கிறீர்களா?

ஒரு எச்சரிக்கை. சாப்பிட்டு முடித்ததும் கையை உதறிக்கொண்டு எழுந்துவிடக் கூடாது. தட்டை நீங்களே எடுத்துக்கொண்டு போய் அதற்குரிய அடுக்கில் வைக்க வேண்டும். ஹலால் தட்டுக்கு ஓர் அடுக்கு, மற்றதற்கு வேறு அடுக்கு, மாற்றி வைத்தால் ஆளைத் திருப்பி அனுப்புவார்கள். 2021-லிருந்து அங்காடி நிலையங்களில் இது சட்டம். முதல் முறை எழுத்தில் எச்சரிக்கை, அடுத்த முறை 300 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், அபராதம். நம் மெஸ்ஸில் இலையை மடித்துவிட்டு எழுந்து போகிற சுகம் இங்கே இல்லை. அந்த 300 வெள்ளிக்கு எத்தனை இலை வாங்கலாம் என்று கணக்குப் போடாமல் தட்டை எடுத்துவிடுங்கள்.

வரும்போது பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், அரிசி எதுவும் வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லுங்கள். எப்படியும் வைத்து அனுப்புவார்கள், ஆனாலும் சொல்லுங்கள். நாகூர் தம்ரூட் அரைக் கிலோ மட்டும் மறக்காமல் கொண்டு வாருங்கள். திருத்துறைப்பூண்டிப் பையனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். இன்னும் ஒரே ஒரு சாமான். நல்ல அகலமான ஈரிழைத் துண்டு ஒன்று. வந்த மறுநாள் மத்தியானம் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு உங்களை அங்கே கூட்டிப்போகிறேன். அத்தனை டிஷ்யூ பொட்டலத்துக்கும் நடுவில் நீங்கள் அதைப் போடுங்கள், எவன் எடுக்கிறான் பார்க்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகன்